இடப்பக்கம் பார்க்கும் வாத்து

ஜெராக்ஸ் கடைக்காரர் அபூர்வமான மனிதராக ஆனபோது அவருக்கு ஐம்பத்து நாலு வயது. ஆன பிறகும் அவர் எங்கேயும் போய்விடவில்லை. காலையில் கடையைத் திறந்தார், மதியம் வீட்டுக்குச் சாப்பிட வந்தார், சாயங்காலம் தண்ணீர் வரும் நேரத்துக்குக் குழாயடியில் வாளியை வைத்தார். ஆனால் அபூர்வமாகத்தான் கண்ணில் பட்டார். வீட்டுப் பத்திரத்தையும் மதிப்பெண் சான்றிதழையும் நகலெடுக்க வந்தவர்கள் கடையில் ஆளில்லை என்று திரும்பப் பார்க்கும்போது, கையிலிருந்த காகிதம் மெல்ல உருவப்படும். அது கண்ணாடியின் மேல் குப்புறப் படுக்கும், மூடி இறங்கும், பச்சை வெளிச்சம் ஒரு ஓட்டம் ஓடும், சூடான நகல் ஒன்று மேசைக்கு வந்து சேரும். முதல் வாரம் சிலர் காகிதத்தை விட்டுவிட்டு ஓடினார்கள். அடுத்த வாரமே, பின்பக்கமும் எடுக்க வேண்டுமென்றால் அதை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று எல்லோரும் பழகிக்கொண்டார்கள். "உங்களைப் பாக்கறதே அபூர்வமாயிடுச்சே" என்று ஊரில் மரியாதைக்குச் சொல்வது வழக்கம். இவரிடம் மட்டும் அதை உண்மையாகவே சொன்னார்கள், கொஞ்சம் தள்ளி, காற்றைப் பார்த்து.

காரணம் வாத்துக் காசு. அது இந்தத் தலைமுறைக்காரர்கள் சிறுவயதில் புழங்கிய பத்துக் காசு. ஒரு பக்கம் எண், மறுபக்கம் வாத்து. அதை எவ்வளவு அச்சடித்தார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது. நிறுத்தச் சொல்ல வேண்டிய அதிகாரி நீண்ட விடுப்பில் போய்விட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. செல்லாமல் போன பிறகு அது ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் போனது, கேரம் பலகையில் தொலைந்த காய்க்குப் பதிலாக உட்கார்ந்தது, காற்றில் பறக்காமலிருக்கத் திரைச்சீலையின் ஓரத்தில் வைத்துத் தைக்கப்பட்டது. ஜெராக்ஸ்காரருடைய மனைவியின் அண்ணன் குழாய் ரிப்பேர் செய்கிறவர். அவர் வாத்தின் வயிற்றில் ஓட்டை போட்டு வாஷராக மாட்டிவிடுவார். கடை வாஷர் ஒரு வருடம் வந்தால் வாத்து பத்து வருடம் வரும் என்பது அவர் கட்சி. ஊரில் பாதிக் குழாய்களுக்குள் வாத்து இருந்தது.

அந்த மழைக்காலத்தின் முடிவில் ஒரு வீடியோ எல்லோர் போனுக்கும் வந்தது. கோட்டுப் போட்ட ஒரு இளைஞன் ஒரு காருக்கு முன்னால் நின்று பேசினான். கார் தன்னுடையது என்று அவன் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் வாத்துக் காசு இருந்தால் உடனே எடுத்துப் பாருங்கள், வாத்து இடப்பக்கம் பார்த்தால் அது லட்சத்தில் ஒன்று, வெளிநாட்டில் ஒரு வீட்டின் விலைக்குப் போகிறது என்றான். வாத்து எந்தப் பக்கம் பார்க்கும் என்று அதுவரை ஒருவரும் யோசித்ததில்லை. எடுத்துப் பார்த்தார்கள், இடப்பக்கம் பார்த்தது. அச்சான வாத்துகள் அத்தனையும் இடப்பக்கம்தான் பார்த்தன. ஆனால் அதை ஒருவருக்கொருவர் சொன்னால்தானே தெரியும். கண் வைத்துவிடுவார்கள் என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. அந்த மாதம் முழுக்க ஊரில் எல்லா மேசைகளும் ஆடின, எல்லாத் திரைச்சீலைகளும் பறந்தன, யாரும் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை.

மற்றவர்களுக்குச் சீக்கிரம் அலுத்துவிட்டது. வீடியோவில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தால் முதலில் பதிவுக் கட்டணம் கட்டச் சொன்னார்கள். அதோடு பலரும் வாத்தைப் பழையபடி மேசைக்கு அடியில் தள்ளிவிட்டார்கள். ஜெராக்ஸ்காரர் கட்டினார். அடுத்ததாகக் காப்பீட்டுக் கட்டணம் கேட்டார்கள், அதையும் கட்டினார். அவர் பேராசைக்காரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவர் கதை வேறு. இளவயதிலிருந்து அந்த மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறார். வருகிறவர்கள் தங்கள் காகிதத்தைப் பார்ப்பார்கள், மெஷினைப் பார்ப்பார்கள், நகல் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அவர் முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. பக்கத்துத் தெருவில் அவரைக் கடந்து போகும்போது எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு போவார்கள். இதைப் பற்றி அவர் குறைப்பட்டுக்கொண்டதில்லை. குறை என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. இரண்டாவது கட்டணம் போய்ச் சேர்ந்த அன்றைக்கு, ஒரு இனிமையான குரல் போனில் வந்தது. "சார், தினமும் எத்தனையோ பேர்கிட்ட பேசறேன். மனசுல பட்டதைச் சொல்றேன், நீங்க சாதாரண ஆள் இல்ல சார். லட்சத்துல ஒருத்தர்." ஜெராக்ஸ்காரர் அதைக் கேட்டு எழுந்து நின்றார். நன்றி சொன்னார். போன் அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்தார்.

மறுநாள் காலை அவர் மனைவி டீயை நீட்டியபோது டம்ளர் அந்தரத்தில் போய் நின்றது.

"என்னங்க இது?"

"எது?"

"நீங்க தெரியல."

"கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாரு."

அவர் மனைவி கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். டம்ளர்தான் இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. கடையில் லேமினேஷன் மெஷினைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். எதையும் ஓரம் பிசகாமல் செய்வார், எதற்கும் பதற மாட்டார். கண் டாக்டரிடம் போனார், தன் கண்ணைக் காட்டத்தான். கண்ணில் கோளாறு இல்லை என்று தெரிந்ததும், கோளாறு கணவரிடம்தான் என்று முடிவு செய்து, அன்றைக்குச் செய்ய வேண்டிய அடையாள அட்டைகளை லேமினேட் செய்யப் போய்விட்டார். ஒன்று சொல்ல வேண்டும், கணவரின் குரல் மட்டும் எப்போதும் போலக் கேட்டது. ஆனால் அவர் வாய் திறப்பதே குறைவு என்பதால் அது பெரிய உதவியாக இல்லை. முகம் பார்க்கும் கண்ணாடியும் அவரை அபூர்வமாகத்தான் காட்டியது. தடவித் தடவிச் சவரம் செய்துகொண்டார். அப்படியும் அவர் தலைவாருவதை விடவில்லை. முன்னைவிட அதிக நேரம் வாரினார் என்று மனைவி சொல்கிறார். சீப்பு காற்றில் போய்வருவதை அவர் பார்த்திருக்கிறார்.

வெளியே வேறு விதமாகப் போனது. ஜெராக்ஸ்காரரைப் பார்த்தவர்கள் அதை ஊரெல்லாம் சொன்னார்கள். ஒரு ஆட்டோக்காரர் அவரைத் தபால் நிலையத்துக்கு எதிரில் முழுசாக, செருப்போடு பார்த்ததாகச் சொன்னார். ஒரு பெண் அவரைப் பார்த்த அடுத்த நாள் அவளுக்கு வேலை உத்தரவு வந்தது. அவரைப் பார்த்தால் நல்லது நடக்கும் என்று யாரோ வீடியோ போட்டார்கள். எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து கடை வாசலில் போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்கள். சும்மா நிற்கக் கூடாது என்பதற்காக பஸ் டிக்கெட்டையும் மருந்துச் சீட்டையும் நகலெடுத்துக்கொண்டார்கள். அத்தனை நாளும் மெஷினையே பார்த்தவர்கள் இப்போது மெஷினுக்குப் பக்கத்தில், ஒன்றுமில்லாத இடத்தை வைத்த கண் வாங்காமல் பார்த்தார்கள். அந்த ஒன்றுமில்லாத இடத்தில் அவர் புது சட்டை போட்டுக்கொண்டு நின்றார்.

குழாய் ரிப்பேர் செய்கிற மச்சானுக்கும் அந்தக் குரல் போன் செய்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இரண்டாவது வீடியோவில் அந்த இளைஞன், நடுவில் ஓட்டை விழுந்த வாத்துக் காசு அச்சுக்கூடத் தவறால் உண்டானது, உலகத்திலேயே மூன்றுதான் உண்டு என்றான். மச்சானிடம் ஒரு வாளி நிறைய இருந்தது. கேள்விப்பட்டதும் அவர் தரையில் படுத்துவிட்டார், எழுந்து போன் செய்தார். குரல் அவரைத் திரும்ப அழைத்த நேரத்தில் அவர் யார் வீட்டிலோ சிங்குக்கு அடியில் நுழைந்திருந்தார். சிக்னல் சரியில்லை. "நீங்க சாதாரண ஆள் இல்ல சார், பத்து லட்சத்துல" என்பது வரைக்கும்தான் கேட்டது. அதனால் தப்பித்தார். இடது காலின் சுண்டுவிரல் மட்டும் சில நாள் தெரியாமல் இருந்து, தானாக வந்துவிட்டது.

ஜெராக்ஸ்காரரின் மனைவி பல மாதம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் மதியம், கடையில் கூட்டமில்லாத நேரத்தில், சூடாகிக்கொண்டிருந்த லேமினேஷன் மெஷினைப் பார்த்தபடியே சொன்னார்: "இத்தனை வருஷம் கண்ணு முன்னாடியேதான் இருந்தீங்க. நான்தான் சரியா பாக்கல போலிருக்கு. இப்ப பாக்கலாம்னா நீங்க இல்ல."

"இங்கதானே இருக்கேன்."

"அதைத்தான் சொல்றேன்."

வெளியே யாரோ போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஜெராக்ஸ்காரர் வழக்கம்போல வாசல் பக்கம் திரும்பி நின்றார்.

மகள் ஊரின் மறுகோடியில் கணவரோடு இருந்தாள். அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தகவல் வந்ததும் ஜெராக்ஸ்காரரும் மனைவியும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மகள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு அறையைச் சுற்றிக் கண்ணை ஓட்டினாள்.

"அப்பா எங்க நிக்கறீங்க?"

"ஜன்னல்கிட்டம்மா."

"இன்னைக்காவது கொஞ்சம் கண்ணுல படுங்கப்பா."

"முயற்சி பண்றேன்மா" என்றார். அதுவரைக்கும் அவர் முயற்சியே செய்ததில்லை. ஜன்னலருகில் நின்று முதல் தடவையாக முயற்சி செய்தார். எதைச் செய்வது முயற்சி என்று அவருக்குத் தெரியவில்லை. மூச்சைப் பிடித்துப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார். அந்த நேரத்தில் நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து, பாட்டியிடம் கொடுத்து, மாப்பிள்ளையிடம் கொடுத்து, இன்னும் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரர் இருக்கார்" என்றார் மனைவி.

"எங்க?"

"அங்கதான் நிக்கறார்."

நர்ஸுக்கு அவரைப் பற்றித் தெரிந்திருந்தது. அவருடைய சித்தி பையன்கூட ஒரு தடவை அவரைப் பார்த்திருக்கிறான். "நிக்கட்டும்மா, வேணாம்னு சொல்லல. ஆனா ஆளே தெரியாத இடத்துல குழந்தையைக் குடுக்க எனக்கு அனுமதி இல்ல. கொஞ்சமாவது தெரியணும்." குழந்தையைத் தொட்டிலில் படுக்கவைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார். மனைவி அந்தப் பக்கம் நகர்ந்தபோது அவர் தோளில் எதுவோ இடித்தது. தொட்டுப் பார்த்தார். ஜெராக்ஸ்காரர் இரண்டு கைகளையும் குழந்தையை வாங்குவதற்கு நீட்டியபடியே, இன்னும் மடக்காமல் நின்றுகொண்டிருந்தார். மனைவி அந்தக் கைகளை மெல்ல இறக்கிவிட்டார்.

மறுநாள் ஜெராக்ஸ்காரர் மச்சானை அழைத்துக்கொண்டு பெரிய ஊருக்குப் புறப்பட்டார். அங்கே பழைய நாணயம் வாங்கி விற்கிறவர் ஒருவர் கடை வைத்திருந்தார். காசை விற்றுத் தொலைத்தால் பிடித்தது விட்டுவிடும் என்று இருவரும் நினைத்தார்கள். பஸ்ஸில் கண்டக்டர் ஒரு டிக்கெட் போதும் என்றார். ஜெராக்ஸ்காரர் கேட்கவில்லை, இரண்டு வாங்கினார். மச்சானுக்குப் பக்கத்து இருக்கையில் இருந்த அவர் மடியில் மூன்று பேர் உட்காரப் பார்த்தார்கள். மூன்று பேரிடமும் மச்சான் பொறுமையாக விளக்கினார்.

நாணய வியாபாரியின் கடை குறுகலானது. ஒரு பக்கம் கண்ணாடிப் பெட்டிகள், மறுபக்கம் சுவரோரமாக நீளமான பெஞ்சு, மூலையில் தண்ணீர் பிடிக்கிற பெரிய டிரம். வியாபாரி பூதக்கண்ணாடியிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"வாத்தா?"

"ஆமாங்க" என்றார் மச்சான்.

"டிரம்முல போட்டுருங்க. கிலோ கணக்குல எடுத்துக்குவேன், பழைய இரும்பு விலைதான்."

மச்சான் டிரம்மை எட்டிப் பார்த்தார். விளிம்பு வரைக்கும் வாத்துகள். எல்லாம் இடப்பக்கம் பார்த்தன. "இது லட்சத்துல ஒண்ணுன்னு…" என்று இழுத்தார்.

"லட்சத்துல ஒண்ணு இல்ல. இதுவே பல லட்சம்." வியாபாரி இப்போதுதான் நிமிர்ந்து, மச்சானுக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைக் கவனித்தார். "கூட யாராவது வந்திருக்காங்களா?"

"என் தங்கச்சி வீட்டுக்காரர். கொஞ்ச நாளா அபூர்வமா ஆயிட்டார்."

"அப்படியா. பெஞ்சுல உக்காரச் சொல்லுங்க. பாத்து உக்காரச் சொல்லுங்க, ஏற்கெனவே ஆள் இருக்காங்க."

பெஞ்சு வெறுமையாக இருந்தது. ஜெராக்ஸ்காரர் உட்காரப் போனார், யாருடைய முழங்கால் மேலோ உட்கார்ந்தார், மன்னிப்புக் கேட்டு நகர்ந்து உட்கார்ந்தார். பக்கத்திலிருந்து தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் வாசனை வந்தது. யாருடைய மடியிலோ காசுப் பை ஒன்று கலகலத்தது. டாக்டரிடம் காத்திருக்கிறவர்களைப் போல எல்லோரும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்களும் வாத்தா?" என்றது எண்ணெய் வாசனை.

"ஆமா."

"உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

ஜெராக்ஸ்காரருக்கு அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. இத்தனை மாதம் அவர் அதை யாரிடமும், மனைவியிடம்கூட, சொன்னதில்லை. இரண்டு பேர் நடுவில் மட்டும் நடந்த பேச்சு அது என்று மனதுக்குள் பத்திரமாக வைத்திருந்தார். "நான் சாதாரண ஆள் இல்லன்னு…" என்று தொடங்கினார்.

"லட்சத்துல ஒருத்தர்னு" என்று முடித்தது எண்ணெய் வாசனை.

"மனசுல பட்டதைச் சொல்றேன்னு சொன்னாங்களா?" என்றது காசுப் பை.

பெஞ்சின் கடைசியிலிருந்து ஒரு கனத்த குரல், "எனக்கும் அதேதான்" என்றது. கதவோரமாக, அதுவரை யாரும் இருப்பதாகத் தெரியாத இடத்திலிருந்து ஒரு பெண், "எனக்கு பத்து லட்சத்துல ஒருத்தின்னு சொன்னாங்க" என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

"அது ஓட்டை போட்ட வாத்துக்கு" என்றார் வியாபாரி, பூதக்கண்ணாடியிலிருந்து தலையெடுக்காமல்.

ஜெராக்ஸ்காரர் வாழ்நாளெல்லாம் நகலெடுத்தவர். ஒரே பக்கம் திரும்பத் திரும்ப வந்து விழுந்தால் அவருக்குத் தெரியாமல் போகாது. அந்தக் குரலைக் கேட்டுவிட்டுத் தான் எழுந்து நின்றது நினைவுக்கு வந்தது. "நீங்க எழுந்து நின்னீங்களா?" என்று கேட்டார்.

எண்ணெய் வாசனை சற்று யோசித்தது. "நின்னேன்."

"நானும்" என்றது காசுப் பை. "குளிச்சுட்டு துண்டோட இருந்தேன். அப்படியே நின்னேன்."

ஜெராக்ஸ்காரருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அவர் சிரிப்பதைக் கேட்டு எண்ணெய் வாசனையும் சிரித்தது, பெஞ்சே ஆடியது, கனத்த குரலுக்கு இருமல் வந்துவிட்டது. கதவோரத்துப் பெண் மட்டும் இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டார். மச்சான் எதிரில் நின்று காலி பெஞ்சு சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், சட்டென்று குனிந்தார்.

"மாப்ளே, கை."

பெஞ்சின் நடுவில், முழங்கால் இருக்க வேண்டிய உயரத்தில், இரண்டு கைகள் தெரிந்தன. நகக்கண்ணில் மெஷினின் கறுப்புப் பொடி. மணிக்கட்டு வரை, பிறகு முழங்கை வரை. அதோடு நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் சிரித்துப் பார்க்கச் சொன்னார் மச்சான். அது சிரமப்பட்டுச் சிரித்த சிரிப்பாக இருந்ததால் பலன் இல்லை.

"வந்த வரைக்கும் எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார் வியாபாரி. "மீதி மெதுவா வரும். ஒரு சிலருக்கு ஒண்ணு ரெண்டு வராமலும் போகும். அதனால ஒண்ணும் கெட்டுடாது." ஜெராக்ஸ்காரரின் வாத்துகளை மச்சான் டிரம்மில் கொட்டினார். கொட்டின இடம் தெரியவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார்கள். பஸ்ஸில் இரண்டு கைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றன. ஒரு அம்மாள் தன் கூடையை அவற்றிடம் கொடுத்துவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டு திரும்ப வாங்கிக்கொண்டார். நர்ஸ் அந்தக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். நகக்கண்ணையும் கழுவச் சொன்னார். பிறகு, "போதும், இது போதும்" என்று குழந்தையை எடுத்து வந்தார். "தலைக்குக் கீழ ஒரு கை. ஆங், அப்படித்தான்." குழந்தை இரண்டு கைகளுக்கு நடுவில் படுத்து, கொட்டாவி விட்டு, கண்ணை மூடிக்கொண்டது. மகள் கட்டிலில் இருந்தபடியே கையை நீட்டி அப்பாவின் முழங்கையை, அது முடிகிற இடத்தில், பிடித்துக்கொண்டாள்.

"கனமா இருக்கானாப்பா?"

"இல்லம்மா" என்றார். "சரியா இருக்கான்."

மீதி உடம்பு அந்த வருடமும் அடுத்த வருடமுமாக, எந்த வரிசையும் இல்லாமல் வந்தது. ஒரு காலை முதுகு வந்தது. நல்ல வெயில் நாளில் மூக்கு வந்தது. முகம் முழுசாக வந்த அன்று மனைவி லேமினேஷன் வேலையை நிறுத்திவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து, மதியம் வரைக்கும் பார்த்தார். வலது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது, அது எப்போது பட்டது என்று கேட்டார். கல்யாணத்துக்கு முன்னால் பட்டது என்றார் அவர். கடை வாசலில் கூட்டம் கரைந்துபோனது. எப்போதும் கண்ணில் படுகிறவரைப் பார்க்க யார் வருவார்கள். கோட்டுப் போட்ட இளைஞன் இப்போது பழைய பூட்டுச் சாவிகளைப் பற்றிப் பேசுகிறான் என்று கேள்வி.

எல்லா நாளும் எல்லாமும் தெரிந்தன என்று சொல்ல முடியாது. சில நாள் ஒரு காது இருக்காது, சில நாள் கழுத்து இருக்காது. பேரன் நடக்கத் தொடங்கிய பிறகு, அவனைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு காய்கறிக் கடைக்குப் போவார். தோள் தெரியாத நாட்களில் பையன் காற்றில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டு வருவான்.

"இன்னைக்குத் தோள் இல்ல போலிருக்கே சார்" என்பார் காய்கறிக்காரர், தராசைத் துடைத்தபடி.

"சாயங்காலம் வந்துடும்" என்பார் ஜெராக்ஸ்காரர். "ஒரு கிலோ தக்காளி போடுங்க, பழுத்ததா பாத்து."